ஜமாஅத்தில் வாய் திறக்கப் பயமா? துல்யதைன் (ரலி) கற்றுத்தரும் பாடம்



கூட்டத்தோடு கூட்டமாக நாமும் தலையாட்டுவதும், தவறு என்று தெரிந்தும் வாய் மூடிக்கொள்வதும்தான் இம்மாதப் பாடத்தின் பொருள். கொஞ்சம் கசப்பான பொருள்தான். ஆனாலும் நம் வீடுகளில், நம் பள்ளிவாசலில், நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் நடக்கிற ஒன்று. குடும்பத்தோடு உட்கார்ந்து படித்து, கடைசியில் தந்திருக்கும் கேள்விகளைப் பிள்ளைகளோடு பேசிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தொழுகைக்குள்ளேயே ஒரு பாடம்

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகை ஒன்றை இரண்டே ரக்அத்தில் ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். பிறகு எழுந்து போய், பள்ளியின் முன்பகுதியில் இருந்த ஒரு மரக்கட்டையில் கோபமாக இருப்பவரைப் போலச் சாய்ந்து நின்றார்கள். அவசரக்காரர்கள் சிலர், தொழுகை குறைக்கப்பட்டுவிட்டது போலும் என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார்கள். பின்னால் தொழுதவர்களில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள். அவர்களுக்கும் பேச அச்சம், மரியாதை. யாரும் வாய் திறக்கவில்லை.

அப்போது கைகள் நீளமாக இருந்ததால் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் முன்னால் வந்தார். அல்லாஹ்வின் தூதரே, தாங்கள் மறந்துவிட்டீர்களா, அல்லது தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்று பதில் வந்தது. அவர் பின்வாங்கவில்லை, மறதிதான் நேர்ந்திருக்கிறது என்று பணிவோடு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. மற்றவர்களைப் பார்த்து, இவர் சொல்வது சரிதானா என்று விசாரித்தார்கள். ஆம் என்றார்கள். உடனே மீதி ரக்அத்துகளைத் தொழவைத்து, ஸஜ்தா ஸஹ்வும் செய்தார்கள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அன்றைய ஸஃப்பில் இருந்தவர்களிலேயே சிறந்தவர்களுக்கும் தயக்கம் வந்தது. ஆகவே தயக்கம் வருவது ஈமான் குறைவு அல்ல, மனித இயல்பு. இரண்டு, பேசியவர் குற்றம் சாட்டவில்லை, கேள்வியாகக் கேட்டார். மூன்று, ஒருவர் கேட்ட பிறகுதான் மற்றவர்களின் வாயும் திறந்தது. அவர் கேட்டிருக்காவிட்டால் எல்லோரும் தெரிந்தே பாதித் தொழுகையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இது ஒருமுறை நடந்து முடிந்த சம்பவம் மட்டும் அல்ல. சட்டமாகவே நம் தொழுகையில் இருக்கிறது. இமாம் தவறினால் பின்னால் நிற்கும் ஆண் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லி உணர்த்த வேண்டும். பெண் கையைத் தட்டி உணர்த்த வேண்டும். இமாமைப் பின்பற்றுவதும் கடமை, அவர் தவறும்போது குரல் கொடுப்பதும் கடமை. இரண்டும் ஒரே தொழுகைக்குள் இருக்கின்றன. தக்பீரிலிருந்து ஸலாம் வரை இமாமைத் திருத்தும் உரிமையைத் தந்த மார்க்கம், ஸலாம் கொடுத்த பிறகு நிர்வாகியிடம் கணக்குக் கேட்பதைத் தடுக்குமா?

மந்தை எப்படி உருவாகிறது?

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு பக்கத்தில் உள்ள மூன்றில் எது என்று கேட்பார். சின்னப் பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்து, ஒரே குரலில் தவறான பதிலைச் சொல்வார்கள். அந்த ஒருவர் என்ன செய்வார் என்பதுதான் சோதனை. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தின் தவறான பதிலையே சொன்னார்கள். மொத்தப் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படித் தவறாக வந்தது.

அதைவிட முக்கியமானது அடுத்தது. அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும். கூட்டத்துக்குப் பணிவது ஐந்து சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. துல்யதைன் (ரலி) அவர்களின் ஒரு கேள்வி மற்றவர்களின் வாயைத் திறந்ததும் இதே போலத்தான்.

குர்ஆன் இந்த நோயைப் பல இடங்களில் அடையாளம் காட்டுகிறது. முன்னோர் செய்ததையே செய்வோம் என்று பிடிவாதம் பிடித்தவர்களை 2:170 கண்டிக்கிறது. பூமியில் இருப்போரில் பெரும்பாலோருக்குக் கட்டுப்பட்டால் வழி தவறிப்போக நேரும் என்று 6:116 எச்சரிக்கிறது. எங்கள் தலைவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கட்டுப்பட்டோம், அவர்கள் எங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று நரகத்தில் சிலர் புலம்புவதை 33:67 காட்டுகிறது. அந்தப் புலம்பல் அங்கே ஒரு சாக்காக ஏற்கப்படவில்லை. செவி, பார்வை, உள்ளம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்கிறது 17:36. கூட்டத்துக்கு ஒரே பட்டோலை கிடையாது, ஆளுக்கு ஒன்று.

34:46 இன்னும் நுட்பமானது. மக்காவாசிகளை அல்லாஹ்வுக்காக இருவர் இருவராகவும் தனித்தனியாகவும் எழுந்து நின்று சிந்திக்கும்படி அது அழைக்கிறது. கூட்டமாகக் கூடிக் கூச்சல் போடும் இடத்தில் சிந்தனை நடக்காது என்பதை இதிலிருந்து விரிவுரையாளர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்.

தீக்குள் இறங்கச் சொன்ன தளபதி

அமீருக்குக் கட்டுப்படுவது நம் மார்க்கத்தில் பெரிய கடமை அல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆம், கடமைதான். அதன் எல்லை எது என்பதற்கும் புகாரி, முஸ்லிமில் ஆதாரம் இருக்கிறது. அலீ (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு படையை அனுப்பி, அன்சாரிகளில் ஒருவரை அதற்குத் தலைவராக்கி, அவருக்குக் கட்டுப்படும்படி சொன்னார்கள். வழியில் அவருக்கு ஏதோ கோபம். விறகு சேர்க்கச் சொன்னார், தீ மூட்டச் சொன்னார், எனக்குக் கட்டுப்பட உங்களுக்குக் கட்டளை இல்லையா என்று கேட்டு, தீக்குள் இறங்குங்கள் என்றார். சிலர் இறங்கவே தயாரானார்கள். மற்றவர்களோ, தீயிலிருந்து தப்பிக்கத்தானே நபியிடம் ஓடிவந்தோம் என்று தடுத்தார்கள். அதற்குள் தீயும் அணைந்தது, கோபமும் அணைந்தது. செய்தி வந்தபோது நபி (ஸல்) அவர்கள், இறங்கியிருந்தால் அதிலிருந்து ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நல்லதில் மட்டுமே என்றும் தீர்ப்பளித்தார்கள்.

காத்தான்குடியும் மாவனல்லையும்

இனி நம் காலத்துக்கு வருவோம். நம் மொழி பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர் காத்தான்குடி. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் உள்ள கடலோர ஊர். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகளின் துப்பாக்கிகளுக்குப் பறிகொடுத்த ஊர். அந்த ஊரில் வளர்ந்தவர்தான் ஸஹ்ரான் ஹாஷிம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டு வெடிக்கச் செய்து 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கும்பலின் தலைவர். வழிபாட்டுக்குப் போன தாய்மாரும் குழந்தைகளும் மாண்டார்கள். ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதர் அனைவரையும் கொன்றவன் போல என்ற குர்ஆனின் போதனையை ஓதியவர்தான் இதைச் செய்தார்.

அவர் ஒரே இரவில் அப்படி ஆகிவிடவில்லை. அவர் ஓதிய மதரஸா, ஆசிரியர்களோடு ஓயாமல் மோதிய அவரை வெளியேற்றியது. பிறகு சேர்ந்த பள்ளிவாசலின் நிர்வாகம் அவருடைய பயானுக்குச் சில மாதம் தடை போட்டது. அவர் விலகித் தனி அமைப்பு தொடங்கினார். பேச்சில் கவர்ச்சி இருந்தது, இளைஞர்கள் திரண்டார்கள். தம்மோடு உடன்படாத முஸ்லிம்களையே முதலில் காஃபிர் என்று தூற்றினார். 2017 மார்ச் 10ஆம் தேதி காத்தான்குடி அலியார் சந்தியில் ஸூஃபி வழியினரோடு மோதல் நடந்தது. பலர் கைதானார்கள், அவர் தலைமறைவானார்.

அப்படியானால் அந்த ஊர் முஸ்லிம்கள் மௌனமாக இருந்தார்களா? இல்லை. நீதியாகச் சொல்ல வேண்டுமானால் இதை முதலில் சொல்ல வேண்டும். ஊரில் சிலர் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அஹமத், தாக்குதலுக்குப் பல ஆண்டுகள் முன்பே உளவுத்துறையிடம் எச்சரித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். இந்தியாவிலிருந்தும் 2019 ஏப்ரல் தொடக்கத்தில் எச்சரிக்கை போனது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இதற்காகவே 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் முஹம்மத் ரஸ்ஸாக் தஸ்லீம். மாவனல்லையைச் சேர்ந்தவர், அமைச்சர் கபீர் ஹாஷிமின் ஒருங்கிணைப்புச் செயலாளர். 2018 டிசம்பரில் அந்தப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, செய்தவர்கள் நம் பிள்ளைகள்தான் என்று தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை, காவல்துறைக்கு உதவினார். அந்த விசாரணையின் தொடர்ச்சியாக 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் பெரும் வெடிபொருள் பதுக்கல் பிடிபட்டது. 2019 மார்ச்சில், தம் வீட்டில் மனைவி மக்களோடு தூங்கிக்கொண்டிருந்த அவருடைய தலையில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், உடல் செயலிழந்தது. அடுத்த மாதம் ஈஸ்டர் தாக்குதல்.

தாக்குதல் நடந்த ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26. கிழக்கே சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது அங்குள்ள முஸ்லிம்களுக்கே சந்தேகம் வந்தது. கேள்வி கேட்டார்கள், அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். பாதுகாப்புப் படை வந்தபோது உள்ளிருந்தவர்கள் வெடிக்கச் செய்துகொண்டார்கள். குழந்தைகள் உட்படக் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். அந்த அக்கம்பக்கத்தார் வாய் திறந்திருக்காவிட்டால் அடுத்த இலக்கு எதுவாக இருந்திருக்கும் என்று அல்லாஹ்வே அறிவான்.

விலை கொடுத்தவர்கள் யார்? கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் முதலில். அதன்பின், எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண முஸ்லிம்கள். 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கையில் தொழிலைத் தவிர வேறு எதுவும் வைத்திருக்காதவர்களின் கடைகள் சாம்பலாயின.

நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை இதுதான். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் நாமே ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லையே என்று நினைக்கிறார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள். ஓட்டை போடுபவனின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். தண்ணீர் எண்ணத்தைப் பார்த்து உள்ளே வருவதில்லை.

நம் தமிழ்நாட்டில்

இதெல்லாம் கடல் தாண்டிய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே 2017 மார்ச் மாதம், 16ஆம் தேதி, கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பாளராக ஆனவர். அவருடைய பதிவுகளால் ஆத்திரமடைந்தவர்கள் செய்த கொலை என்பது காவல்துறையின் வழக்கு. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று 2:256 சொல்லியிருக்க, இந்தக் கத்திக்கு எங்கிருந்து அனுமதி வந்தது? ஆத்திரம் ஒருவர் மனதில் தனியாக வளர்வதில்லை. பத்துப் பேர் ஆமோதித்து, ஐம்பது பேர் பேசாமல் படித்துவிட்டுப் போகும் இடத்தில்தான் வளர்கிறது. அந்த ஐம்பதில் ஒருவர், தம்பி இது தவறு, அல்லாஹ்வுக்குப் பயந்துகொள் என்று எழுதுவது சின்ன அமல் அல்ல.

இன்னொன்று ஊர்விலக்கம். தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி.ரசூல் 2007இல் ஒரு கட்டுரைக்காக ஜமாஅத்திலிருந்து விலக்கப்பட்டார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. அவருடைய கருத்துகளில் பலவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல முடியாதா? ஆலிம்கள் நிறைந்த நம் சமுதாயத்தில் பதிலுக்கா பஞ்சம்? ஒருவரை விலக்கும்போது அவரோடு மனைவி மக்களும் விலக்கப்படுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நூறு குடும்பங்களுக்கும் வாய்ப்பூட்டு விழுகிறது.

2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பள்ளிவாசல் வளாகங்களில் ஷரீஅத் கவுன்சில் என்ற பெயரில் நீதிமன்றம் போலச் செயல்படக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் உள்விவகாரத்தில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்று அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்த வழக்கைத் தொடுத்தவரும் ஒரு முஸ்லிம்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உள்ளே கேட்பதற்குக் காது இருந்தால் ஒருவர் ஏன் வெளியே போய்க் கதவைத் தட்டப் போகிறார்?

நமக்கு என்ன பயம்?

நம் பொத்தேரி, கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர் பகுதியைப் பாருங்கள். பரம்பரையாக இங்கேயே வாழ்பவர்கள் கொஞ்சம். கல்லூரிக்காகவும் மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்காகவும் தென்மாவட்டங்களிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அதிகம். நாம் கேட்கும் பதில்கள் அநேகமாக இவைதான்.

"நான் வாடகை வீட்டுக்காரன், எனக்கு எதற்கு ஊர் வம்பு?" தொழுகையில் ஸஃப் சொந்த வீடு உள்ளவருக்கு, வாடகை வீட்டுக்காரருக்கு என்று பிரிவதில்லை. துல்யதைன் (ரலி) பதவி எதிலும் இருந்தவர் அல்ல.

"நாளை நம் பிள்ளைக்கு நிக்காஹ் தப்தர் தர மறுத்தால்? மையத்துக்கு இடம் தர மறுத்தால்?" இதுதான் உண்மையான பயம், இதைக் கேலி செய்ய முடியாது. இந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் பயப்படுபவர் அல்ல, நிர்வாகம்தான். அதைக் கீழே சொல்கிறோம்.

"பேசினால் ஜமாஅத் உடைந்துவிடும்." ஒற்றுமை வேறு, ஓசையின்மை வேறு. அபூபக்ர் (ரலி) கலீஃபாவானதும் ஆற்றிய முதல் உரையிலேயே, சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் உம்மத் உடைந்துவிடவில்லை.

"அவர் பெரிய ஆலிம், நமக்கு என்ன தெரியும்?" ஆலிமை மதிப்பது கடமை. பரீரா (ரலி) அடிமையாக இருந்து விடுதலையான பெண். கணவரோடு திரும்பச் சேரும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, இது கட்டளையா என்று கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றதும், எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். யாரும் அவரை அதபு இல்லாதவர் என்று சொல்லவில்லை. இது மார்க்கத்தின் கட்டளையா, தங்களின் அபிப்பிராயமா என்று ஒரு ஹஜ்ரத்திடம் பணிவோடு கேட்பது அவமரியாதை ஆகாது.

"நம் குறையை நாமே சொன்னால் வெளியில் உள்ளவர்கள் நம்மை அடிக்க அதையே எடுப்பார்கள்." இன்றைய சூழலில் இந்தக் கவலை நியாயமானது. சிறுபான்மையாக வாழும் எவருக்கும் வரும் கவலை. ஆனால் இலங்கையில் சமுதாயத்தை அடி வாங்க வைத்தது எது? தஸ்லீம் வாய் திறந்ததா, அவரைச் சுட்ட கும்பலா? 4:135 நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது. அது நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும். சமுதாயத்தின் மானத்தைக் காப்பது அந்த நீதிதான்.

"சொல்லி என்ன ஆகப்போகிறது?" சனிக்கிழமை வரம்பை மீறி மீன் பிடித்தவர்களின் வரலாற்றை 7:163 முதல் 166 வரை பாருங்கள். மீறியவர்கள் ஒரு கூட்டம், தடுத்தவர்கள் ஒரு கூட்டம், அழியப்போகிறவர்களுக்கு ஏன் உபதேசம் என்று கேட்டவர்கள் ஒரு கூட்டம். தடுத்தவர்கள் சொன்ன பதில் இரண்டு: நம் ரப்பிடம் எங்களுக்குச் சாட்டு வேண்டும், அவர்கள் திருந்தவும் கூடும். தீமையைத் தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. மீறியவர்கள் பிடிக்கப்பட்டார்கள் என்றும் சொல்கிறது. பேசாமல் இருந்தவர்களின் கதி என்ன என்பதில் விரிவுரையாளர்கள் நீண்ட விவாதம் செய்திருக்கிறார்கள். விவாதத்துக்கு உரிய அந்த இடத்தில் நாம் நிற்க வேண்டுமா?

பேசும் முறை

வாய் திறப்பது என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவது அல்ல. இதற்கும் மார்க்கம் ஒழுங்கு வைத்திருக்கிறது.

1. முதலில் உறுதிப்படுத்துங்கள். வந்த செய்தியைத் தெளிவுபடுத்தாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்தாதீர்கள் என்பது 49:6இன் எச்சரிக்கை. முன்னனுப்பப்பட்ட செய்தி ஆதாரம் ஆகாது.

2. கேள்வியாகத் தொடங்குங்கள். துல்யதைன் (ரலி) செய்தது அதுதான். "நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்" என்பது கதவை மூடும்; "இந்தச் செலவுக்கு ரசீது பார்க்கலாமா?" என்பது திறக்கும்.

3. தனிப்பட்ட குறையைத் தனியாகச் சொல்லுங்கள். பொதுப்பணம், பொதுச்சொத்து, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவை பொது விஷயங்கள். அவற்றைப் பொதுவில் கேட்கலாம்.

4. இருவராகப் போங்கள். தனியாள் பேசினால் வம்புக்காரன் என்பார்கள். ஒத்த கருத்துள்ள இன்னொருவர் கூட இருந்தால் விஷயம் பேசப்படும்.

5. துருவி ஆராய்வதும் புறம் பேசுவதும் 49:12இல் தடுக்கப்பட்டவை. தவறைத் திருத்த விரும்புபவர் அதைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்வார்; டீக்கடையில் சொல்ல மாட்டார்.

6. உயிருக்கோ, குழந்தையின் மானத்துக்கோ ஆபத்து என்றால் மேலே சொன்ன படிகள் பொருந்தா. மக்தபிலோ விடுதியிலோ ஒரு பிள்ளைக்குத் தொல்லை நேர்ந்தால் ஜமாஅத் மானம் என்று பேசிப் பேசி நாளைக் கடத்தக் கூடாது. உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ சொல்வதே மார்க்கக் கடமை. போக்சோ சட்டத்தின்படி அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றமும்கூட.

நிர்வாகிகளுக்கு

பேசாதவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேசினால் அடி விழாது என்ற நம்பிக்கையை உண்டாக்குவது பொறுப்பில் இருப்பவர்களின் கடமை. எங்கள் அறக்கட்டளை உட்பட எல்லா நிர்வாகங்களுக்கும் பொருந்தும் சில யோசனைகள்:

வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டம் முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்திடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதன் 70ஆவது பிரிவின்படி, வக்ஃபில் அக்கறை உள்ள எவரும் பிரமாணப் பத்திரத்தோடு விசாரணை கோரி வாரியத்திடம் மனுச் செய்யலாம். இந்த உரிமை இருப்பதை மஹல்லாவாசிகளுக்கு நாமே தெரிவிப்பது நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

நிக்காஹ் தப்தரையும் மையவாடியையும் ஒருபோதும் தண்டனைக் கருவியாக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டு எழுதிவையுங்கள். சந்தா பாக்கி, கருத்து வேறுபாடு, வாய்த்தகராறு எதற்காகவும் இல்லை. இந்த ஒரு தீர்மானம் போதும், பாதிப் பயம் போய்விடும்.

வெளியூர்ப் பேச்சாளரை அழைக்கும் முன் அவர் எங்கே ஓதினார், என்ன பேசிவருகிறார் என்று விசாரியுங்கள். மற்ற முஸ்லிம்களைக் காஃபிர் என்று சொல்லும் நாவுக்கும், பிற சமயத்தாரை இழிவுபடுத்தும் நாவுக்கும் நம் ஒலிபெருக்கியைக் கொடுக்காதீர்கள். ஸஹ்ரானின் பாதை அங்கிருந்துதான் தொடங்கியது.

பெண்களின் குரலைக் கேட்க ஒரு வழி வையுங்கள். தம் கணவரின் அநியாயத்தை முறையிட்டு நபி (ஸல்) அவர்களிடம் வாதாடிய கவ்லா (ரலி) அவர்களின் பேச்சை அல்லாஹ் கேட்டான் என்றே ஓர் அத்தியாயம் தொடங்குகிறது (58:1). ஏழு வானங்களுக்கு மேல் கேட்ட குரல், நம் நிர்வாக அறையின் கதவைத் தாண்டாமல் நின்றால் எப்படி?

கேள்வி கேட்ட இளைஞரை மறுநாள் கண்டால் நீங்களே முந்தி ஸலாம் சொல்லுங்கள். நூறு பயானை விட அது அதிகம் பேசும்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. துல்யதைன் (ரலி) கேட்டிருக்காவிட்டால் அன்று என்ன நடந்திருக்கும்? அவர் கேட்ட முறையில் உங்களுக்குப் பிடித்தது எது?

2. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பையனைக் கேலி செய்கிறார்கள். நீ மட்டும் எப்படி முதல் குரல் கொடுப்பாய்?

3. நம் குடும்பக் குழுவில் ஒரு பெரியவர் ஆதாரமற்ற செய்தியை அனுப்புகிறார். மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது?

4. நம் வீட்டில் அத்தாவும் அம்மாவும் தவறு செய்தால் பிள்ளைகள் சொல்ல முடிகிறதா? சொன்னால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

நான்காவது கேள்விதான் கடினமானது. வீட்டில் கேள்வி கேட்டதற்கு அடி வாங்கிய பிள்ளை வெளியே வாய் திறக்கக் கற்றுக்கொள்ளாது. பேச்சில் கவர்ச்சியுள்ள யாரோ ஒருவர் தீக்குள் இறங்கச் சொன்னால், கேட்காமல் இறங்கவே கற்றிருக்கும்.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் காணவும் அதன்படி நடக்கவும், தவறைத் தவறாகக் காணவும் அதைத் தடுக்கவும் எங்களுக்குத் துணிவையும் அதபையும் சேர்த்தே தருவாயாக! எங்களைத் திருத்த முன்வருபவர்களை நேசிக்கும் உள்ளத்தை எங்கள் அனைவருக்கும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்